நீளும் கையும் காத்திருக்கும் கையும்

தாயின் இடுப்பில் இருந்தபடி கோயிலுக்கு வரும் குழந்தை, மணியைக் கண்டதும் கையை நீட்டுகின்றது. மனிதன் உலகத்தோடு கொள்ளும் உறவு இந்தக் கை நீட்டலில் தொடங்குகின்றது எனலாம். நான்கு மாதமளவில் குழந்தை கண்ணாற் கண்ட பொருளை நோக்கிக் கையைக் கொண்டுசெல்லும். ஆறு மாதமளவில் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றும். 9, 10 மாதங்களிற் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒரு சோற்றுப் பருக்கையைக் கூடக் கிள்ளி எடுக்கும். எவரும் கற்றுக்கொடுக்காமலே இவை நிகழ்வதால் எவரும் இவற்றை வியப்பதில்லை.

ஆனால் 1000 குழந்தைகளுள் ஏறத்தாழ 2 பேருக்குப் பெருமூளை வாதம் ஏற்படுகின்றது. வளரும் மூளையில் உண்டான பாதிப்பினால் தசைகளின் இயக்கம் ஒழுங்கு தவறுகின்ற நிலை இதுவாகும். இக்குழந்தைகளுட் பலருக்குக் கை நீட்டுதல் பெரும் முயற்சியாகின்றது. பொருளை அணுகும்போதே அதன் அளவுக்கு ஏற்ப விரிய வேண்டிய விரல்கள் மூடியே கிடக்கும். பெருவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கும். பிடித்துவிட்டாலோ பிடி இறுகி, விடுவது கடினமாகும். உடல் நிலைகொள்ளாதபோது கையும் நிலைகொள்ளாது. பொருள் மீதான ஆசை மற்றக் குழந்தைக்கு உள்ளது போலவே இருக்கின்றது. கண்ணுக்கும் கைக்கும் இடையிலான வழிதான் கரடுமுரடானது.

இதற்குக் காரணம் என்ன? 1861ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஜோன் லிட்டில் பிரசவ காலத் துன்பங்களை இதனோடு தொடர்புபடுத்தினார். பாதிப்புக் கருப்பையிலேயே தொடங்கியிருக்கவும் கூடும் என்று 1897இல் சிக்மண்ட் பிராய்ட் எழுதினார். குறைமாதப் பிறப்பு, கருவிலேயே மூளை இரத்தக் குழாய் அடைபடுதல், கடுமையான மஞ்சட்காமாலை, மூளைத் தொற்று எனப் பல காரணங்கள் இன்று அறியப்பட்டுள்ளன.

ஊரிலோ “முற்பிறப்பிற் செய்த வினை” என்ற ஒரு சொல்லோடு பலர் விசாரணையை முடித்துவிடுகின்றனர். வினைக் கொள்கையை ஏற்பவருக்கும் இங்கே ஓர் எல்லை உண்டு. பிறருடைய வினையின் கணக்கு இறைவன் ஒருவனே அறிந்தது. அக்கணக்கைத் தாயின் முகத்துக்கு நேரே வாசிக்கும் உரிமை எவருக்கும் வழங்கப்படவில்லை. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

இனி, இதனினும் நுண்ணிய ஒரு கேள்வி உண்டு. இரண்டு வயதுப் பிள்ளையின் முன்னே தட்டில் ஒரு வாழைப்பழத் துண்டு இருக்கின்றது. கை புறப்படுகின்றது, தடுமாறுகின்றது, தட்டின் ஓரத்தில் மோதி நிற்கின்றது, மீண்டும் புறப்படுகின்றது. பார்த்துக்கொண்டிருக்கும் அம்மம்மாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. துண்டை எடுத்து வாயில் ஊட்டிவிடுகிறார். இது அன்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த அன்பு பிள்ளைக்கு எதனைக் கற்பிக்கின்றது?

மூளையிற் பயன்படும் பாதைகள் பலம்பெறுகின்றன, பயன்படாதவை மெலிகின்றன. முதல் சில ஆண்டுகளில் இது வெகு வேகமாக நிகழ்கின்றது. நீட்டாமலே எல்லாம் வந்துசேருமானால், நீட்டத் தேவையில்லை என்பதைக் கை கற்றுக்கொள்கின்றது. இயலக்கூடிய கையும் இவ்வாறு பயன்படாமற் போவதை அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் டோப் குரங்குகளிற் கண்டறிந்தார். அதன் வழியாக, நல்ல கைக்கு உறையிட்டு மற்றக் கையை விளையாட்டுக்கு அழைக்கும் பயிற்சி உருவானது. இரு கைகளையும் சேர்த்துப் போத்தல் மூடியைத் திறத்தல் போன்ற பயிற்சிகளும் உண்டு. இரண்டும் பயன் தருகின்றன. எவ்வளவு பயிற்சி கிடைக்கின்றது என்பதே முக்கியம்; அதனை வைத்தியர், சிகிச்சையாளர் ஆலோசனையுடன் செய்தல் வேண்டும். ஒரு வயதாகுமுன் எப்போதும் ஒரு கையையே நீட்டும் குழந்தையை, “இடக்கைக்காரன்” என்று சிரித்து விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுவது நன்று.

அவ்வாறாயின் எப்போதும் காத்திருப்பதுதான் அறமா? அதுவும் இல்லை. பசித்து அழும் பிள்ளைக்கும் களைத்த பிள்ளைக்கும் ஒவ்வொரு கவளத்தையும் பரீட்சையாக்குவது கொடுமை. எவ்வளவு பயின்றாலும் ஒரு பொருளையும் பற்ற இயலாத பிள்ளைகளும் உளர். அவர்களின் கண் நீட்டுகின்றது, சிரிப்பு நீட்டுகின்றது. பற்றும் வலிமையைக் கொண்டு ஓர் உயிரின் மதிப்பை அளக்க முடியாது.

ஆகவே, உதவ முற்படுபவர் தம்மைத் தாமே கேட்க வேண்டியது ஒன்று: கொடுப்பது பிள்ளையின் தேவைக்காகவா, பார்ப்பவரின் பதற்றம் தீர்வதற்காகவா? பதற்றத்துக்காக என்றால் இன்னும் சிறிது பொறுக்கலாம். பிள்ளையைச் சாயாமல் இருத்தி, பாதங்களுக்கு ஆதாரம் கொடுத்து, பொருளைச் சற்று அருகே வைத்துவிட்டு அமைதியாக இருக்கலாம். அந்த அமைதியும் ஒரு கொடையே.

இக்கேள்வி வீட்டோடு நிற்பதில்லை. கோயில் வீதிக்கும் வருகின்றது. திருநீற்றை வலக்கையாற் பெறுவது வழக்கம். வலக்கை மடங்கிய பிள்ளை இடக்கையை நீட்டும்போது “அந்தக் கையை நீட்டு” என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுகின்றது. தாய் வெட்கத்துடன் அக்கையை இழுத்து மறைக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் வருவதில்லை. வழக்கம் காப்பாற்றப்பட்டது, இழந்தது என்ன என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பிள்ளையின் கை வந்துசேரும் வரை வரிசை சிறிது நேரம் நின்றாற் பூசைக்கு ஒரு குறையும் நேராது. எந்தக் கை நீண்டாலும் அது வந்துசேரும்வரை பொறுத்திருக்கும் மனத்தை எல்லாம் வல்ல இறைவன் யாவருக்கும் அருள்வானாக.