படகுக்குள் நீதி

ஸ்கொட்லாந்து நாட்டிலே, கின்ரொஸ் என்னும் சிறு நகரின் அருகே, லொக் லீவன் என்றோர் ஏரி உண்டு. ஏறக்குறைய 13 சதுர கிலோமீற்றர் பரப்பு, ஆழம் அதிகமில்லை. மேரி அரசி 1567இல் இவ்வேரியின் தீவுக் கோட்டையொன்றிலேதான் சிறை வைக்கப்பட்டாள். மறு ஆண்டில் ஒரு படகிலேறித் தப்பினாள். வரலாற்று மாணவர் இவ்வேரியை அறிவது அவளால். தூண்டிற்காரர் அறிவது அதிலுள்ள ட்ரௌட் மீனால். நாம் இங்கு ஆராயப் புகுவது அரசியையுமன்று, மீனையுமன்று. அவ்வேரியிலும் அதனையொத்த பிரித்தானிய, ஐரிஷ் ஏரிகளிலும், பொய் ஈ கட்டிய தூண்டிலால் படகிலிருந்து மீன் பிடிக்கும் போட்டிகளுக்கென வகுக்கப்பட்ட விதிகளையே ஆராய முற்படுகிறோம். நமது பள்ளிக்கூட ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். சிறிது பொறுத்திருக்க வேண்டுகிறோம்.

காற்று வீசும் திசைக்குக் குறுக்காகப் படகைத் திருப்பி, அதனைத் தானாக மிதந்து செல்ல விடுவர். வேகம் மிகாதபடி துணிப்பையொன்றை நீரினுள் இழுபட விடுவதுமுண்டு. படகில் இருவர். இருவரும் இருந்தபடியே, படகு செல்லும் திசையை நோக்கித் தூண்டிலை வீச வேண்டும், எழுந்து நிற்றலாகாது. ஒருவருக்கு ஒரே கோல். இறகும் நூலும் உரோமமும் கொண்டு முள்ளிற் கட்டிய பொய் ஈக்களே இரை. புழு கூடாது, உலோகத் தகடு கூடாது. ஓரிழையிற் கட்டத்தக்க ஈக்களின் தொகைக்கும் வரம்புண்டு. பல போட்டிகளில் அது மூன்று அல்லது நான்கு. கோலின் நீளம் 12 அடிக்கு மேற்படலாகாது என்பது சர்வதேசப் போட்டிகளின் விதி. ஓடும் படகின் பின்னே தூண்டிலை இழுத்துச் செல்வது குற்றம். மற்றொரு படகு மிதந்துவரும் பாதையிற் குறுக்கிடுவதும் குற்றம். வாயிலன்றி உடலில் முள் தைத்து வந்த மீன் கணக்கிற் சேராது. குறித்த நேரத்திற் கரை சேராதவர் தண்டனை பெறுவர்.

இவற்றை வாசிக்கும்போது நமக்கு முதலில் வியப்பே தோன்றுகிறது. இவ்விதிகளுட் பெரும்பாலானவை மீன் பிடித்தலை எளிதாக்குவனவல்ல, கடினமாக்குவன. மீன்தான் வேண்டுமெனில் வலை வீசலாமே! பிழைப்புக்காக மீன் பிடிப்பவன் எவனும் தன் வலையைத் தானே கிழித்துக்கொள்வதில்லை. வயிறு நிறைந்தவனே தன் வழியில் தானே தடைகளை நட்டு, அவற்றைத் தாண்டுவதிற் பெருமை கொள்ள முடியும். பசி தீர்ந்த இடத்திலேதான் விளையாட்டின் விதி பிறக்கிறது.

ஆனால், இத்துடன் நிறுத்தி, இது பிரபுக்களின் பொழுதுபோக்கு என்று முத்திரை குத்திவிட்டால், ஆராய்ச்சியைத் தொடங்கு முன்பே முடித்தவராவோம். ஷெபீல்ட் நகரின் உருக்குத் தொழிலாளரும் பேர்மிங்ஹாம் பட்டறைத் தொழிலாளரும் ஓய்வு நாளிலே கால்வாய்க் கரைகளிற் கூட்டங்கூட்டமாக அமர்ந்து தூண்டிலிட்டவர்களே. அவர்களுடைய கழகங்களும் சேர்ந்த தேசிய இணைப்பொன்று இங்கிலாந்தில் 1903இல் உருவாயிற்று. எனினும் அவர்கள் பிடித்த மீன் வேறு. சல்மனும் ட்ரௌட்டும் உயர்ந்த வேட்டை மீன்கள் என்றும், கால்வாயிலும் குட்டையிலும் வாழ்வன முரட்டு மீன்கள் என்றும் ஆங்கிலேயர் பிரித்து வைத்திருந்தனர். முன்னவை நிலக்கிழாருக்கு, பின்னவை தொழிலாளிக்கு. மீனுக்கும் சாதி வகுத்த நாட்டைக் கண்டு நாம் சிரிக்கலாம். சிரிப்பதற்கு நமக்குத் தகுதியுண்டா என்பது வேறு விடயம்.

ஒரு வர்க்கத்தின் சுவை எவ்வாறு அறமாக உயர்த்தப்படுகிறது என்பதற்கும் இத்துறையிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. அது ஏரியைப் பற்றியதன்று, தென் இங்கிலாந்தின் தெளிந்த ஆறுகளைப் பற்றியது. ஹல்போர்ட் என்பார் 1886இல் வெளியிட்ட நூலொன்றைப் பின்பற்றியோர், நீரின் மேல் மிதக்கும் ஈயைக் கொண்டு பிடிப்பதே கனவானுக்குத் தகும் எனக் கொண்டனர். ஸ்கியூஸ் என்னும் வழக்கறிஞரோ, மீன் தன் உணவிற் பெரும்பங்கை நீரின் கீழேதான் உண்கிறது என்பதைக் கண்டு, நீருக்குள் அமிழும் போலிப் பூச்சியைப் பயன்படுத்தலாமென 1910இல் எழுதினார். உண்மை அவர் பக்கம் இருந்தது. இருந்தும் என்ன? ஐரோப்பாவிற் போர் மேகங்கள் திரண்டுகொண்டிருந்த 1938ஆம் ஆண்டில், லண்டனிலுள்ள தூண்டிற் கழகமொன்றிற் கற்றறிந்த பெரியோர் கூடி, அமிழும் ஈ முறையானதா முறையற்றதா என்று வாதிட்டனர். பூச்சியின் உயரத்தை நன்மை தீமையின் அளவுகோலாக்கிய அவ்விவாதத்தை வேடிக்கை எனத் தள்ளிவிடலாகாது. வழக்கம் ஒழுக்கமாக வேடமிடும் முறை எங்கும் இதுவேயாகும்.

ஆகவே விதிகள் எல்லாம் ஒரே தரத்தனவல்ல. சில வெறும் சுவை, சில உயிர்க் காப்பு, சில நேர்மை. எழுந்து நிற்றலாகாது என்பதில் மூன்றும் கலந்துள்ளன: நிற்பவன் தூர வீசுவான், படகைக் கவிழ்ப்பான், பார்ப்பதற்கும் அழகில்லை!

நம்மைப் பெரிதும் ஈர்த்த விதி வேறொன்று. படகிலுள்ள இருவரும் ஒரே அணியைச் சேர்ந்தவரல்லர். சீட்டுக் குலுக்கி இணைக்கப்பட்ட எதிரிகள். படகை எங்கே செலுத்துவது, எந்த ஓரமாக மிதக்க விடுவது என்பதை முதற் பாதி நேரம் ஒருவர் தீர்மானிப்பார்; மறு பாதி மற்றவர். முதல்வன் தனக்குச் சாதகமான மூலையைத் தெரிந்தெடுத்தாலும், எதிரியையும் அதே மூலைக்கு அழைத்துச் சென்றேயாக வேண்டும். எதிரியைக் கெடுப்பதற்கென்று மீனில்லாத நீருக்குச் சென்றால் தானும் அங்கேயே கிடந்து வாட வேண்டும். தன்னலமே எதிரியின் நலனைக் காக்கும் காவலாக இங்கு அமைந்துவிடுகிறது. இவ்விதியை வகுத்தவர் எவராயினும் மனித இயல்பை நன்கறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

உள்நாட்டுப் போட்டிகள் பலவற்றிற் படகில் நடுவரும் இல்லை. எதிரியே சாட்சி. ஒருவர் பிடித்த மீன் வாயிற் சிக்கியதா, வயிற்றிற் சிக்கியதா என்பதைக் கண்டவர் அருகிலிருக்கும் ஒருவரேயாவர். அவர் பொய் சொன்னால் வெல்லலாம். கரையிலிருப்போர் அறியார். இருவரும் பேசி வைத்து ஒருவர் குற்றத்தை மற்றவர் மறைக்கவுங்கூடும். ஆயினும் இம்முறை பல தலைமுறைகளாக நின்று நிலைத்திருக்கிறது. மனிதன் கண்காணிக்கப்பட்டாலன்றி நேர்மையாக நடவான் என்று ஆளுவோர் நமக்குச் சொல்லி வருகின்றனர். நமது சகாக்களிற் சிலரும் பிரம்பைக் கையிலேந்தி அதனையே நம்பி வருகின்றனர். இக்கூற்றை மறுப்பதற்கு ஏரி நடுவிலுள்ள இச்சிறு படகு போதிய சான்றாகாது என்பதை ஒப்புகிறோம். தோற்றால் பட்டினி கிடக்க வேண்டியவர் எவரும் அப்படகில் இல்லையே. சோறு பணயமாகுமிடத்தும் இந்நேர்மை நிலைக்குமா என்பதே வினா.

இவ்விடத்திற் பரீட்சை மண்டபம் நம் நினைவுக்கு வருகிறது. மேசைக்கும் மேசைக்கும் இடையே அளந்த தூரம், எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே மணியோசை. மண்டபத்தின் உள்ளே நீதி முழுமையானது. ஆனால் விளக்கெண்ணெய்க்குக் காசில்லாத வீட்டிலிருந்து, காலைச் சாப்பாடில்லாமல் வந்த பிள்ளையையும், இரு தனியாசிரியர் தேற்றியனுப்பிய பிள்ளையையும் அம்மேசைகள் சமமாக ஏந்திக்கொள்கின்றன. மண்டப மேற்பார்வையாளராக நின்ற காலங்களில் நாம் விதிகளைக் கண்டிப்புடன் காத்தோம். காத்தது சரியே. எனினும், வாசலில் தொடங்கி வாசலில் முடியும் நீதி எவ்வகை நீதி என்னும் கேள்வி அன்றும் நம்மை விட்டகலவில்லை. போட்டி விதிகளைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்போம். அவ்விதிகளுக்கு வெளியே நிற்பவர் யார்?

முதலில் மீன். சர்வதேசப் போட்டிகளிற் பின்னோக்கிய கூர் இல்லாத முள்ளே பயன்படுத்தப்பட வேண்டும். பிடித்த மீனை அளந்தபின் உயிருடன் விட்டுவிட வேண்டும். இது கருணை எனக் கருதப்படுகிறது. வள்ளுவர் சூதைக் கடிந்துரைக்குமிடத்தில் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனை உவமையாக்கினார். அங்கு மீன் படும் நோவு அவருக்குப் பேசுபொருளன்று, மனிதனின் மயக்கமே பேசுபொருள். மீனின் நோவைப் பற்றிய கேள்வியை நம் காலத்து விஞ்ஞானம் எழுப்பியிருக்கிறது. எடின்பரோவை அடுத்த ரொஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தார் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வானவில் ட்ரௌட்டின் தலைப் பகுதியிலே ஊறு விளைக்கும் தூண்டலை உணரும் நரம்பு முனைகள் உண்டென்று காட்டினர். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தொட்டியின் சரளையில் உதட்டைத் தேய்த்தன. அது நாம் உணரும் நோவுதானா என்பதில் அறிஞரிடையே இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. சுவிற்சர்லாந்து அவ்விவாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. விடுவதையே நோக்கமாகக் கொண்டு மீன் பிடித்தலை அந்நாடு 2008ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகளால் தடை செய்தது. உண்பதற்காகப் பிடிக்கலாம், விளையாடிவிட்டு விடலாகாது. ஓரிடத்தில் கருணையாகத் தோன்றுவது மற்றோரிடத்திற் கொடுமையாகிறது. நாம் சுவிஸ் நாட்டவர் பக்கமே சாய்கிறோம். உண்பவனுக்குத் தன் செயலுக்கு ஒரு காரணமாவது உண்டு. அளவுகோலின் மேல் மீனைக் கிடத்திச் சென்ரிமீற்றர் எண்ணுபவன், அந்த மூச்சுத் திணறலுக்கு என்ன காரணம் கூறுவான்?

அடுத்து, கரையில் நிற்கும் மனிதன். ஸ்கொட்லாந்தின் நிலச் சீர்திருத்தச் சட்டம் 2003இல் நிறைவேறியது. நிலத்திலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் பொறுப்புடன் நடமாடும் உரிமையை அது மக்கள் அனைவருக்கும் அளித்தது. நடக்கலாம், நீந்தலாம், ஓடம் விடலாம். ஆனால் வேட்டையாடலும் மீன் பிடித்தலும் அவ்வுரிமையில் அடங்கா என்று அதே சட்டம் விலக்கி வைத்தது. நீரின் மேல் நீ செல்லலாம். அதனுள் இருப்பது உனதன்று. போட்டி விதிகள் இருவருக்கிடையே நேரத்தைப் பாதியாகப் பங்கிடுகின்றன. ஏரியை எவரும் பங்கிடவில்லை.

நமது நாட்டுக்கும் இக்கதையில் ஒரு கிளை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கிலேயர் ட்ரௌட் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் மீன் வளர்த்தனர். துரைமாரின் தூண்டிற் கழகமும் அங்கு எழுந்தது. ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் வானவில் ட்ரௌட் இன்றும் உண்டு. ஒரு மீன் முட்டை கெடாமல் கடல் கடந்து மலையேறுவதற்கு எத்துணைக் குளிர்ச்சியும் கவனமும் வேண்டும்! அதே மலைகளுக்குத் தென்னிந்தியாவிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்ட கூலி மக்கள், வழியெங்கும் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்தனர். இரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும்போது நமக்குச் சொற்கள் வருவதில்லை.

மூன்றாவதாக, நீரே விதிகளுக்கு வெளியே நிற்கிறது. மீண்டும் லொக் லீவனுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஆலைகளின் தேவைக்காக மதகு கட்டி ஏரியின் மட்டத்தைத் தாழ்த்தினர். அதன் பரப்புச் சுருங்கிற்று. பின்னர், கின்ரொஸ் கம்பளி ஆலையின் கழிவும் ஊர்க் கழிவுநீரும் சுற்றிலுமுள்ள வயல்களின் உரமும் ஆண்டுக்கணக்காக ஏரியிற் கலந்தன. அவற்றிலிருந்த பொசுபரசு நீரிற் பாசியை வளர்த்தது. 1992 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஏரி முழுதும் பச்சை நுரை படர்ந்தது. அவ்வூரார் அந்நாளை நுரைச் சனி என்றே இன்றும் குறிப்பிடுகின்றனர். தூண்டிற்காரர் வரவு குறைந்தது. அவர்களை நம்பி வாழ்ந்த படகோட்டிகளுக்கும் விடுதிக்காரருக்கும் வருவாய் போயிற்று. 1990களில் வெளியிலிருந்து வானவில் ட்ரௌட்டைக் கொண்டுவந்து ஏரியில் விட்டுப் பார்த்தனர்.

ஈயின் தொகைக்கும் கோலின் நீளத்துக்கும் அங்குலக் கணக்கில் விதி எழுதிய கைகள், ஏரியில் விழும் வாய்க்காலைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் ஆலை முதலாளி அதற்குக் கட்டுப்பட்டிரான்; அவன் போட்டியாளனல்லன். அவனைக் கட்டுப்படுத்தும் விதியை அரசும் ஊராரும் விஞ்ஞானிகளும் சேர்ந்து, காலந் தாழ்த்தியே கொண்டுவந்தனர். ஆலைக் கழிவு நிறுத்தப்பட்டது, கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டது. அதன் பின்னும் ஏரி உடனே தெளியவில்லை. அடிச் சேற்றிற் படிந்திருந்த பொசுபரசு, கோடை தோறும் காற்று நீரைக் கலக்கும்போது, பல ஆண்டுகள்வரை மேலெழுந்து வந்துகொண்டேயிருந்தது.