பால் கசிந்த நந்தியாவட்டை

விருத்தாசலத்தில் பழமலைநாதருக்கு எல்லாம் ஐந்தைந்து. ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து நந்தி, மாசித் திருவிழாவுக்கு ஐந்து தேர். அந்த ஐயனுக்கென்றே எங்கள் முற்றத்தில் நிற்கும் ஒற்றை நந்தியாவட்டைக்கும் இதழ் ஐந்து. ஒரே பக்கமாகத் திரும்பிச் சுழலும் அந்த வெள்ளை இதழ்களைப் பார்க்கும்போதெல்லாம் திருவைந்தெழுத்தே பூத்து நிற்பதாக எனக்குப் படும். ஆண்டு முழுக்கப் பச்சை மாறாத செடி. விடியலில் பறித்துக் குடலையில் இட்டு அவன் சந்நிதிக்குக் கொண்டுபோவதுதான் எங்கள் வழிபாடு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடலூர் மாவட்டம் மழையில் தத்தளித்தது. எங்கள் முற்றத்தில் தேங்கிய நீர் வடியவே இல்லை. அகல் விளக்கும் கொலு பொம்மையும் கோப்பையும் சுட்டெடுக்கிற ஊர் இது. சூளைக்கு உகந்த களிமண்ணில் நீர் நின்றால் வேருக்கு மூச்சு முட்டும். பின்னாலேயே மார்கழிப் பனி. இலைகள் மஞ்சளித்துக் கொட்டின. தை பிறந்தபோது மாவுப்பூச்சி அப்பி, அதன் பிசுக்கில் கரும்பூசணம் படர்ந்து, செடி வெறும் குச்சியாக நின்றது. கருவூரில் சிவகாமியாண்டாரின் பூக்கூடையை யானை சிதறடித்ததற்காக எரிபத்த நாயனார் ஏன் மழுவை ஓங்கினார் என்பது, வெறுங்குடலை ஆணியில் தொங்கியதைப் பார்த்தபோதுதான் என் நெஞ்சில் தைத்தது.

கோயிலில் ஆழத்துப் பிள்ளையார் தரைக்குக் கீழே 18 அடி ஆழத்தில் இருக்கிறார். படியிறங்கி அவர் முன் நின்றேன். "வேர் இருக்கிற ஆழத்தில் இருப்பவனே, அந்த வேரை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. வெளியே பூக்கட்டும் ஆயாவிடம் செடியைப் பிடுங்கப்போவதாகச் சொன்னேன். "புடுங்கிப்புடாத கண்ணு. கொப்பக் கீறிப் பாரு. பாலு வந்துச்சுன்னா உசுரு இருக்குதுன்னு அர்த்தம்" என்றாள்.

நுனியைக் கீறினேன்; பழுப்புத் தூள் உதிர்ந்தது. அதற்குக் கீழே கீறினேன். அங்கும் காய்ந்த நார்தான். தரைக்கு முழ உயரத்தில் நகம் பட்டதும் பச்சை தெரிந்தது. அந்தப் பச்சையில் ஒரு துளி வெண்பால் ஊறித் திரண்டது. என் அப்பனே! உனக்கு எத்தனையோ பாலாபிஷேகம் கண்டிருக்கிறேன். செத்ததென்று எண்ணிய குச்சிக்குள்ளிருந்து நீயே பாலாகக் கசிந்ததை அன்றுதான் கண்டேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. மண்ணில் உட்கார்ந்து 'சிவசிவ' என்று வாய்விட்டு அழுதேன்.

அதன்பின் செய்த வேலையெல்லாம் பூசைதான். பால் கசியும் இடம்வரை காய்ந்த கொப்புகளை வெட்டினேன். செடியைச் சுற்றி வாய்க்கால் பறித்து, சூளைக் கழிவில் கிடந்த பீங்கான் சில்லுகளைக் கொட்டி நீருக்கு வடிகால் கொடுத்தேன். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் சேர்த்து, கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் மாவுப்பூச்சி மேல் தெளித்தேன். துளிர் காணும்வரை உரம் வைக்கவில்லை. நலிந்த வேரால் அதைத் தாங்க முடியாது. காலையில் மட்டும், அதுவும் மண் காய்ந்தால் மட்டும், தண்ணீர்.

தை முடியும் முன்பே கணுக்கள் புடைத்தன. பிறகு துளிர், மினுமினுக்கும் இளம்பச்சை! விபசித்து முனிவர் திருப்பணி ஆட்களுக்குத் தலவிருட்சமான வன்னியின் இலையைக் கூலியாகக் கொடுத்தார், அவரவர் உழைப்புக்கேற்ப அது பொன்னாயிற்று என்கிறது தலபுராணம். எனக்கு இலை வந்ததே பொன். துளிர் விரிந்தபின் தொழுவுரமும், லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யமும் கொடுத்தேன்.

பசித்து வந்த குருநமசிவாயர் கிழவியென்று விளித்துப் பாட, கிழவியால் சோறு கொண்டுவர முடியுமா என்று கேட்டு, பின் இளமை எய்தி வந்து அன்னமிட்டவள் எங்கள் அம்மை விருத்தாம்பிகை. மூத்த தண்டில் இளந்தளிர் வைப்பதும் அவள் செய்கிற அதே அருள்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2025 மார்ச் 12, மாசி மகம். மணிமுத்தாற்றில் தீர்த்தவாரிக்குக் கூட்டம் நெரிந்தது. செடி மறுபடி பூத்திருந்தது. குடலையின் அடிகூட நிறையாத அந்தப் பூக்களைக் குருக்களிடம் கொடுத்தேன். தீபாராதனையில் ஐயனின் மேனிமேல் அவை வெள்ளை வெளேரென்று இருந்தன. "பழமலையானே!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

மழையிலும் பனியிலும் அடிபட்ட நந்தியாவட்டை உங்கள் வீட்டிலும் நிற்கலாம். பங்குனி முடியும்வரை மண்வெட்டியை எடுக்காதீர்கள். அடித்தண்டு வரை கீறிப் பாருங்கள். பால் வந்தால் காய்ந்ததை மட்டும் வெட்டிவிட்டு வேருக்கு வடிகால் செய்யுங்கள். பூத்ததும் முதல் பூவை உங்கள் ஊர்ச் சிவனுக்குக் கொடுங்கள்.