எண்ணிப் பார்க்கிற பழக்கம்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுக்கூட்டங்களுக்கு நடுவே ஃபேர் ஐல் என்றொரு குட்டித் தீவு. நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். குடியிருப்பவர்கள் நூறு பேர்கூட இல்லை. ஆனால் பறவைப் பிரியர்களுக்கு அது ஒரு புண்ணியத்தலம். கோடை முடிகிற சமயத்தில் கிழக்கிலிருந்து காற்றடித்தால், சைபீரியப் பக்கத்துக் குருவிகூட வழிதவறி அங்கே வந்து இறங்கும். அதைப் பார்க்கப் பறவைப் பிரியர்கள் தொலைநோக்கியும் கையுமாக ஓடுவார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்த ஜார்ஜ் வாட்டர்ஸ்டன், முகாமில் இருந்தபடியே இந்தத் தீவில் ஒரு பறவை ஆய்வகம் அமைக்கத் திட்டம் போட்டார். ஊர் திரும்பியவர், பின்னர் தீவையே விலைக்கு வாங்கிவிட்டார். 1948இல் ஆய்வகமும் பிறந்தது.

கோடைக் கடைசியில் அங்கே இரவிலும் வேலை உண்டு. ஸ்டார்ம் பெட்ரல் என்ற கரிய கடற்பறவை, பெரிய பறவைகளுக்குப் பயந்து, இருட்டிய பிறகே கரைக்கு வரும். மெல்லிய வலையில் அது சிக்கியதும், காலில் எண் பொறித்த சிறு வளையம் மாட்டி, எடை பார்ப்பார்கள். சுமார் 25 கிராம்தான். அது பறந்துபோன பின்னும் அதன் எண்ணெய் வாடை கையைவிட்டுப் போகாது.

இதையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது வேறொரு வழக்கம். அன்றாடம் இரவு ஆய்வகத்தில் எல்லோரும் கூடி உட்கார்ந்து, பறவைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அன்று கண்ணில் பட்டவை எத்தனை என்று எழுதிக்கொள்வார்கள். அபூர்வ விருந்தாளிக்கும் ஒரு வரி, தினம் பார்க்கும் பறவைக்கும் ஒரு வரி.

கிட்டிவேக் என்ற சின்னக் கடற்காகம் ஒரு காலத்தில் அங்கே சர்வசாதாரணம். 1988இல் ஆயிரக்கணக்கான ஜோடிகள் பாறைகளில் கூடு கட்டின. கால் நூற்றாண்டுக்குள் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. கடல் சூடேறியது, குஞ்சுகளுக்கு ஊட்டும் சிறு மீன்கள் அருகின. தொடர்ந்து கூடுகளை எண்ணி வைத்ததால்தான் அந்தச் சரிவின் அளவு தெரிந்தது.

2019 மார்ச்சில் ஆய்வகக் கட்டடம் தீயில் எரிந்துபோனது. கணினியில் ஏற்றி வைத்திருந்ததால் பதிவுகள் பிழைத்தன.

நம் வாழ்விலும் அப்படித்தான். புதிதாக வருவது தானே கண்ணை இழுக்கும். பழகியது குறைவதைத்தான் நாம் கவனிப்பதில்லை. நாலு இட்லி சாப்பிட்ட அம்மா இப்போது இரண்டோடு எழுந்துவிடுகிறார். தினம் பேசும் நண்பர் வாரத்துக்கு ஒருமுறை பேசுகிறார். ஒரே நாளில் நேர்ந்திருந்தால் பதறியிருப்போம். கொஞ்சம் கொஞ்சமாக நேர்ந்ததால் விட்டுவிட்டோம். இதைக் கவனிக்க நோட்டுப் புத்தகம் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் இன்று ஒரு வார்த்தை கேட்டாலே போதும்.