பிசிறு நிற்க ஒரு சொட்டு

புதுச்சேரி குருசுக்குப்பத்துக் கடற்கரையில் நைலான் கயிற்றை வெட்டுகிறவர்கள் வெட்டிய நுனியை அப்படியே விடுவதில்லை. லைட்டர் நெருப்பில் காட்டுவார்கள். நுனி இளகித் திரண்டு, ஆறியதும் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு இழுபட்டாலும் புரி பிரியாது. அதே ஊர்த் தெருக்களில் வீட்டில் மெஷின் வைத்துத் தைக்கும் பெண்களுக்கும் இதே கவலைதான். ஆனால் அவர்கள் கைக்கு வருவதில் பெரும்பங்கு பருத்தியும் பட்டும். நெருப்பில் பருத்தி சாம்பலாகும், பட்டு பொசுங்கும், இரண்டும் இளகுவதில்லை. அந்த ஓரங்களுக்கு உதவுவதுதான் பிசிறு தடுக்கும் திரவம்.

துணி ஏன் பிரிகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். தறியில் ஊடை நூல் ஓரம்வரை போய், திரும்பி, மறுபடி பாவுக்குள் நுழைகிறது. அந்தத் திருப்பம் இருப்பதால்தான் சேலைக் கரை பல வருடம் தாங்குகிறது. கத்தரி பட்டதும் திருப்பம் போய்விடுகிறது. வெட்டிய ஓரத்தின் கடைசி இழையைப் பிடித்து நிறுத்த, குறுக்கே போகும் இழைகளின் உராய்வைத் தவிர வேறு எதுவும் இல்லை. நெருக்கமாக நெய்த பருத்தியில் உராய்வு அதிகம், மெதுவாகத்தான் பிரியும். சாட்டினிலும் ஜார்ஜெட்டிலும் இழை வழுக்கும், கை பட்டாலே உதிரும். ஒரே துணியைக் கிராஸாக வெட்டினால் பிசிறு குறைவதும் இதனால்தான். அப்போது எந்த இழையும் ஓரத்துக்கு இணையாகக் கிடப்பதில்லை. ஒரு முழு இழை கழன்று விழ வழியில்லை.

அமெரிக்காவில் ஃப்ரே செக் என்ற பெயரில் விற்கும் குப்பியில் இருப்பது ஆல்கஹாலில் கரையக்கூடிய ஒருவகை நைலான். கடற்கரைக் கயிற்றில் சூடு செய்கிற காரியத்தை இங்கே ஆல்கஹால் செய்கிறது: நைலானை ஓட வைக்கிறது. ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளின் இடுக்கில் தானே பரவும். ஆல்கஹால் ஆவியாகிப் போனதும், பாவும் ஊடையும் குறுக்கிடும் புள்ளிகளில் நைலான் படலம் தங்கி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். உராய்வு தனியாகச் செய்ய முடியாததை இந்தப் பிடிப்பு செய்கிறது. ஃபேப்ரிக் க்ளூ என்று கடைகளில் கேட்டு வாங்கும் பசைகள் இதைவிடக் கெட்டியானவை. அவ்வளவு ஆழம் ஊறாது, மேலே படிந்து பிடிக்கும்.

துணிக்குப் பசை ஏற்றுவது நெசவு அளவுக்குப் பழைய வேலை. தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி தோய்ப்பது இழைகள் பிசிறாமல் இருக்கத்தான். புதுச்சேரிக்கு இதில் இன்னொரு கதையும் உண்டு. இங்கே நீலச் சாயம் தோய்த்த கினியா துணி, 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கப்பல்களில் செனகலுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரைச் சந்தைகளில் அதுவே பணமாகப் புழங்கியது. அதைக் கொடுத்து வணிகர்கள் முக்கியமாக வாங்கியது வேல மரப் பிசின். அந்தப் பிசின் ஐரோப்பாவின் துணி அச்சு வேலைக்கும், துணிக்கு மெருகும் விறைப்பும் ஏற்றுவதற்கும் போயிற்று. புதுச்சேரித் துணியை விற்று, வேறு துணிக்குப் பசை வாங்கியிருக்கிறார்கள்! கஞ்சியும் பிசினும் தண்ணீரில் கரைந்துவிடும். நைலான் படலம் துவைத்தாலும் நிற்கும் என்பதுதான் இன்றைய குப்பியின் பெருமை.

அதை எங்கே வைக்க வேண்டும்? ஊசிக்கு இடம் இல்லாத இடத்தில். காஜா நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு தையல் வரிசைக்கு நடுவே இருக்கும் மயிரிழை அகலத்தில் இன்னொரு தையல் போட முடியாது. காஜா அடித்தபின், வெட்டுமுன், பின்பக்கம் நடுவில் மெல்லிய கோடாகத் திரவத்தை இழுத்து, காயவிட்டு, அப்புறம் கீறினால் நடுவில் பிசிறு எட்டிப் பார்க்காது. ஆரி ஒர்க்கில் இதைவிட அவசியம். சங்கிலித் தையலில் கடைசி முடிச்சு நழுவினால் கண்ணி கண்ணியாக வந்த வழியே பிரிந்துகொண்டு போகும். மணிகளும் சேர்ந்து உதிரும். அதனால்தான் வேலை முடிந்ததும் பின்பக்க முடிச்சுகளில் பசை தடவுகிறார்கள். கழுத்து வளைவில் துணி சுருங்காமல் இருக்கக் கொடுக்கும் சின்ன வெட்டுகள், குஞ்ச முடிச்சு, ரிப்பன் நுனி ஆகியவையும் இதே கணக்கு.

வீட்டில் இருப்பதைக் கொண்டு சமாளிப்பவர்கள் நிறமில்லாத நெயில் பாலிஷை எடுப்பார்கள். அவசரத்துக்கு நிற்கும்; நாளடைவில் படலம் நொறுங்கும், மஞ்சளிக்கும். ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை ஈரம் பட்டால் இளகும். ஃபெவிக்விக் மாதிரியான உடனடிப் பசையைப் பருத்தியில் ஊற்றவே கூடாது. பருத்தியில் அது மிக வேகமாக இறுகுவதால் சூடேறிப் புகையும், விரலையும் சுடும்.

திரவத்தைப் பூசும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் வெட்டி விழுந்த துண்டில் வைத்துப் பாருங்கள். பட்டில் ஈரத்தடம்போல் கறுத்து நிற்கலாம், ஆல்கஹாலில் சாயமும் கசியலாம். குப்பியைப் பிழியாமல், குண்டூசி நுனியால் தொட்டுத் தொட்டு வைத்தால் வேண்டிய அளவுக்குமேல் பரவாது. ஆவி தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நன்றாகக் காயும்வரை துணியை மடிக்காதீர்கள். தப்பாகச் சொட்டிவிட்டால் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றினால் பெரும்பாலும் இளகி வரும்.

ஆனாலும் இது தையலுக்கு மாற்று ஆகாது. காய்ந்த ஓரம் விறைக்கும். அக்குளிலும் இடுப்பிலும் குத்தும். ரோமன் ரோலண்ட் வீதியில் குளூனி கன்னியர்கள் நடத்தும் எம்பிராய்டரி மையத்தின் மேசை விரிப்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தால், நூலால் கட்டிய ஓரம் எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று தெரியும். பாட்டியின் பழைய பட்டுச் சேலையில் திரவத்தைத் தொடவே வேண்டாம். ஊறிய படலத்தை முழுதாக எடுப்பது நடக்காத காரியம். சேலை ஓரம் முழுவதற்கும் குப்பியைத் தேடாமல், தெருவில் பீக்கோ அடிக்கும் அக்காவிடம் கொடுங்கள். காஜா நடுவுக்கும் ஆரி முடிச்சுக்கும் மட்டும் அந்தச் சொட்டை வைத்துக்கொள்ளுங்கள்.