தலைப்பாகை கட்டும் தலையில் குட்டலாமா?

குமரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ள நிழல் தாங்கல். ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து எல்லோரும் வரிசையாக நின்று நாமம் பெற்றுக்கொண்டிருந்தார்கள. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவன் தாயின் சேலையைப் பிடித்தபடி வந்தான். பணிவிடைக்காரர் நாமம் இடக் கையை உயர்த்தினார். அவ்வளவுதான். பையன் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டான்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பணிவிடைக்காரர் சிரிக்கவில்லை. உயர்த்திய கையை இறக்கினார். வயதானவர், முட்டுவலிக்காரர், ஆனாலும் தரையில் உட்கார்ந்து, நாமத் தட்டைப் பையன் முன்னால் நீட்டினார். "மக்களே, நீயே இட்டுக்கோ" என்றார். பையன் விரலைத் தொட்டு, நெற்றியில் ஏதோ ஒரு கோடு இழுத்துக்கொண்டான்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் தாயைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "படிக்க உட்கார்ந்தா மண்டையில ஏறமாட்டேங்கு மாமா. அவிய அப்பா ரெண்டு குட்டு வைப்பாவ. இப்போ பள்ளிக்கூடம் போற நேரமானா வயிறு வலிக்குன்னு அழுகான். ராத்திரி படுக்கையை நனைக்கான். மூணு வயசிலேயே நிறுத்தினவன்."

தலைக்கு நேராக ஒரு கை உயர்ந்தால் அது குட்டத்தான் வரும் என்று ஆறு வயதுக்குள் அந்தப் பிள்ளை கற்றிருக்கிறான். எழுத்தைக் கற்பதற்கு முன் அவன் கற்ற பாடம் அது.

தலைப்பாகை கட்டிப் பதிக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் அந்தத் துணியின் வரலாற்றை அறிவார்கள். திருவிதாங்கூர் அரசின் நாட்களில் எளிய மக்கள் தலையில் துணி கட்டக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது. தாழ்ந்து நில், குனிந்து போ என்பதே அன்றைய சட்டம். அப்படிக் குனிந்து நின்ற தலைகளைப் பார்த்துத்தான் அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டச் சொன்னார். அரசனுக்குக் கிரீடம் என்றால் சான்றோர் மக்களுக்கு இது. இந்தத் தலை இனி யார் முன்பும் அஞ்சிக் குனியாது என்பதற்கு அந்தத் துணிதான் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தலையில் தலைப்பாகையைக் கட்டிவிட்டுத் திங்கட்கிழமை சாயங்காலம் அதே தலையில் முட்டியை மடக்கிக் குட்டுகிறது அதே கை. வெளியிலிருந்து எந்த அதிகாரி வந்து அந்தப் பிள்ளையைக் குனிய வைத்தாலும் ஊரே திரண்டு நிற்கும். வீட்டுக்குள் நடந்தால் மட்டும் அதற்கு வளர்ப்பு என்று பெயர்.

பெயர் என்றதும் இன்னொன்று. பூவண்டன்தோப்பில் 1809-இல் பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் பிறந்த குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். முடி என்ற சொல்லும் பெருமாள் என்ற சொல்லும் ஓர் எளிய குடிசையின் பிள்ளைக்கு ஆகாது என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். பெற்றவர்கள் வேறு வழியின்றி முத்துக்குட்டி என்று மாற்றினார்கள். பிள்ளையின் பெயரை ஊர் பறித்த கதை இது. ஏடு வாசிப்புக்கு வந்து உட்கார்ந்து இதைக் கேட்டு மனம் கசிகிற தாய்மார்கள், வீட்டுக்குப் போய் 'மக்கு', 'மண்டு', 'எதுக்கும் உதவாதவன்' என்று கூப்பிடுகிறார்கள். அங்கேயும் ஒரு பெயர் பறிபோகத்தான் செய்கிறது. நாலைந்து வயதுப் பிள்ளைக்குத் தாய் சொல்வதை நிறுத்துப் பார்க்கும் அறிவு இன்னும் வரவில்லை. அம்மா மக்கு என்றால், நான் மக்கு. அதோடு முடிந்தது. மறுநாள் ஆசிரியர் கேள்வி கேட்கும்போது அது வாயைத் திறக்காது. மக்குக்கு என்ன தெரியும்?

நாகர்கோவில் பக்கத்தில் ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிடும்போதும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அய்யா தம்மை நம்பி வந்தவர்களை எல்லாம் மக்கள் என்றே அழைத்தார் என்பதை நினைத்தால், அந்தச் சொல் வாயில் இருக்கும்போது 'மண்டு' எதற்கு?

அடுத்தது பேய். அய்யா பேய்களை எரித்ததையும், மந்திரவாதத்தை ஒழித்ததையும், பயந்து பயந்து பலி கொடுத்த மக்களை அதிலிருந்து மீட்டதையும் அகிலத்திரட்டு அம்மானை விரிவாகச் சொல்கிறது. அதைக் கேட்டுவிட்டு வந்த பாட்டியே, பேரன் சோறு உண்ணாவிட்டால் "காட்டேரி வருது பாரு" என்கிறாள். அய்யா எரித்த பேயை அன்று ராத்திரியே பிழைக்க வைத்துவிட்டாள்! பாவம், அவளுக்கு வேறு உபாயம் தெரியாது. அவளையும் அப்படித்தான் வளர்த்தார்கள். ஆனால் பேயும் போலீசும் ஊசி போடும் டாக்டரும் சேர்ந்து கூடத்து இருட்டில் நிற்கிற வீட்டில் ஒரு பிள்ளை எப்படி நிம்மதியாகத் தூங்கும்? மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பயந்த பிள்ளைக்கு அதில் பாதி கெட்டுப்போகும். தூங்காத பிள்ளை மறுநாள் சிணுங்கும், பிடிவாதம் பிடிக்கும். அதற்கு மறுபடியும் அடி.

அந்தச் சிறுவனின் வயிற்று வலிக்கு வருவோம். முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பூச்சி, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு எதுவும் இருக்கலாம். அங்கே ஒன்றும் இல்லை என்றால், 'நடிக்கிறான்' என்று முடிவுகட்டுவதுதான் வழக்கம். அது நடிப்பாக இருக்க வேண்டியதில்லை. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்லத் தெரியாத வயதில் பயம் வயிற்றில் வலிக்கும், படுக்கையை நனைக்கும், நகத்தைக் கடிக்க வைக்கும், நன்றாகப் பேசிய பிள்ளையை ஊமையாக்கும். அங்கே வலிப்பது உண்மை. ஞாயிற்றுக்கிழமை அந்த வலி வருவதில்லை என்பதைக் கவனித்த தாய்க்குக் காரணம் பாதி விளங்கிவிடும்.

பயந்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாததும் இதனால்தான். சிலேட்டில் 'அ' எழுதச் சொல்லிவிட்டுத் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், பிள்ளையின் கண் எழுத்தில் இருக்காது. அப்பாவின் வலது கையில் இருக்கும். எப்போது உயரும் என்று பார்ப்பதற்கே அதன் அறிவெல்லாம் செலவாகிவிடும். நேற்று சரியாக எழுதியதை இன்று மறப்பதும் அதனாலேயே. அரசுச் சட்டம்கூட இதை உணர்ந்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. பள்ளியில் ஆகாத காரியம் வீட்டில் எப்படி ஆகும்?

பணிவிடைக்காரர் அந்தத் தகப்பனைத் தேடிப் போனார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்; விடியுமுன் எழுந்து போகிறவர். கடன் வாங்கிப் பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். "நான் அடி வாங்கித்தான் மாமா படிச்சேன்" என்றார். "எதுவரை?" என்று கேட்டார் பெரியவர். "எட்டு." "அதுக்குப் பொறவு புத்தகம் தொட்டியா?" பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "இவனும் என்னைப் போல கத்தி பிடிச்சிரப்பிடாதேன்னு பயந்து வருது."

குற்றம் சொல்ல வந்தவருக்கு அதற்குமேல் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. தகப்பனின் பயம்தான் பிள்ளையின் தலையில் குட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அய்யா அறுத்த பயம் இரண்டு தலைமுறையிலும் ஒளிந்து கிடந்தது.

அவர் சொன்ன வழிகள் புதியவை அல்ல. அம்மானை என்பதே பெண்பிள்ளைகள் காய்களை மேலே எறிந்து பிடித்துப் பாடி ஆடிய விளையாட்டு. அகிலத்திரட்டு அந்த விளையாட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. நாராயணர் திருமகளுக்குச் சொல்லும் கதையாக அது நடக்கிறது. ஏடு வாசிப்பில் மடியில் கிடக்கும் பிள்ளை பொருள் தெரியாமலே அந்த நடையை முணுமுணுப்பதை எல்லாத் தாங்கலிலும் பார்க்கலாம். யாரும் அதை அடித்துப் படிப்பிக்கவில்லை. காது முதலில் கற்கிறது, வாய் பிறகு, கை அதற்கும் பிறகு. அதனால் ராத்திரி ஒரு கதை சொன்னாலே பாதிப் படிப்பு முடிந்தது. கதையின் நடுவே பிள்ளை 'ஏன்?' என்று கேட்டால் 'சும்மா கேளு' என்று வாயை அடைக்காமல் பதில் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் 'நாளைக்குப் பார்ப்போம் மக்களே' என்று சொன்னால் போதும். அந்த நாளை வரவும் வேண்டும்.

எழுத்து வராவிட்டால் முற்றத்து மணலில் விரலால் எழுதலாம். தப்பினால் கையால் தடவி அழித்துவிடலாம், சிவப்பு மையின் சுழி அங்கே இல்லை. கணக்குக்குப் புளியங்கொட்டை போதும். பத்துப் பதினைந்து நிமிடம் பிள்ளை மனம் ஊன்றி இருந்தாலே பெரிது. அதன்பின் அவிழ்த்து விட்டுவிட வேண்டும். அய்யாவே தமது தவத்தை இரண்டு ஆண்டு குழியில், இரண்டு ஆண்டு தரைமேல், இரண்டு ஆண்டு உயர்ந்த இருப்பில் என்று படிப்படியாக ஆறு ஆண்டுகள் நடத்தினார். ஒன்றாம் வகுப்புக்காரன் ஆடி மாதத்துக்குள் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்றால் எப்படி?

கைப்பேசியைக் கொடுத்து ஒரு மூலையில் உட்கார வைப்பது அன்பு ஆகாது என்பதையும் பெரியவர் சொல்லத் தவறவில்லை. அடிக்காதே என்றால் கண்டிக்காதே என்று பொருள் இல்லை. குளிக்காமல் பதிக்குள் போகக்கூடாது, பொய் சொல்லக்கூடாது, பந்தியில் யாரையும் ஒதுக்கக்கூடாது என்ற ஒழுங்குகளில் வளர்ந்தவர்கள் அய்யாவழி மக்கள். 'முடியாது' என்பதைக் குரலை உயர்த்தாமல், சொன்ன சொல் மாறாமல் சொன்னால் பிள்ளைக்கு அது விளங்கும். கோபம் தலைக்கு ஏறுகிறபோது முற்றத்துக்குப் போய் முகம் கழுவிவிட்டு வரலாம். அப்படியும் கை ஓங்கிவிட்டால், பிறகு பிள்ளையிடம் போய் 'அப்பா செய்தது தப்பு' என்று சொல்ல வேண்டும். இங்கேதான் அந்தத் தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னப் பயலிடம் போய் மன்னிப்பா? உகப்படிப்பில் நாள்தோறும் அய்யாவிடம் பிழை பொறுக்க வேண்டுகிற வாய்தானே என்றார் பெரியவர். அதோடு எழுந்து போய்விட்டார்.

எல்லாம் ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. தகப்பன் இரண்டு முறை மீண்டும் குட்டினார். ஒரு முறை குட்டிவிட்டு, வெளியே போய் நின்றுவிட்டு, திரும்பி வந்து பிள்ளையின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "வலிக்கா மக்களே?" என்று மட்டும் கேட்டார். பையன் அதற்குத்தான் அழுதான், குட்டியதற்கு அழவில்லை. பாட்டி காட்டேரியை விட்டுவிட்டு முத்துக்குட்டியின் கதைக்கு மாறினாள். வயிற்று வலி தினமும் வந்தது, பிறகு வாரத்துக்கு இரண்டு நாளாயிற்று. ல, ள, ழ மூன்றும் இன்னும் அவனுக்குக் குழப்பம்தான். அது பெரியவர்களுக்கும் உள்ள குழப்பம்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு, தகப்பனும் மகனும் சாமிதோப்புப் பதிக்கு வந்தார்கள். வாசலில் தகப்பன் பையனுக்குத் தலைப்பாகை கட்டினார். கை தலைக்கு வந்தபோது பையன் ஒரு கணம் கண்ணை மூடினான். ஆனால் தலையைப் பொத்தவில்லை. உள்ளே பள்ளியறைக் கண்ணாடிக்கு எதிரே, இரண்டு விளக்குகளின் நடுவே, தலைப்பாகையோடு தெரிந்த தன் முகத்தை எட்டி எட்டிப் பார்த்தான். "அப்பா, அதுல நானா இருக்கேன்?" என்று கேட்டான். "நீதான் மக்களே" என்றார் தகப்பன்.

நாமம் பெறும் இடத்தில் பையன் அப்பாவைக் குனியச் சொன்னான். அவர் குனிந்தார். சின்ன விரல் அவர் நெற்றியில் ஒரு பக்கம் சாய்ந்த கோடு ஒன்றை இழுத்தது. பக்கத்தில் நின்றவர் அதைத் துடைத்து நேராக இட்டுக்கொள்ளச் சொன்னார். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அந்தச் சாய்ந்த நாமத்தோடேயே அவர் பேருந்து ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார்.

அய்யா உண்டு.