கர்ணனுக்காக அழுத கண்கள்

சிறுவயதில் பார்த்து அழுத ஒரு படத்தை, தலை நரைத்த பின்னர் பெரிய திரையில் மறுபடியும் பார்த்தால் நமக்கு என்ன நேர்கிறது? படம் மாறுவதில்லை, பார்ப்பவர் மாறியிருக்கிறார். அந்த மாற்றம் வளர்ச்சியா, தேய்வா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

1964-ஆம் ஆண்டு பொங்கலன்று பி. ஆர். பந்துலுவின் "கர்ணன்" வெளிவந்தது. சிவாஜி கணேசன் கர்ணன், என். டி. ராமராவ் கண்ணன், எம். வி. ராஜம்மா குந்தி. 48 ஆண்டுகளுக்குப் பின், 2012 மார்ச் மாதத்தில், புதுப்பித்த பிரதியாக அது தமிழகத்தில் மீண்டும் திரைக்கு வந்து, சென்னையில் 100 நாட்களைத் தாண்டி ஓடியது. தொலைக்காட்சியில் எத்தனையோ முறை பார்த்த கதைக்கு மக்கள் ஏன் மறுபடியும் காசு கொடுத்துப் போனார்கள்? இருட்டில் பலரோடு சேர்ந்து அழுவதற்கு ஒரு தனி ஆறுதல் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கோ இன்னொன்றும் உண்டு. அன்று கலரியில் பக்கத்தில் இருந்தவர்களுள் பலரை 1983-உம் அதன் பின் வந்த போரும் கடல் கடந்து சிதறடித்தன. சிலர் மண்ணுக்குள் உறங்குகிறார்கள். பழைய படத்தைப் பார்க்கையில் அவர்களுக்காகவும் கண் கலங்கும். அதில் குற்றமில்லை.

ஆயினும் அந்தக் கண்ணீரைச் சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. புனித அகுஸ்தீனார் கார்த்தேஜ் நகரில் மாணவராயிருந்தபோது நாடகம் பார்த்து அழுவதில் இன்பம் கண்டார். பிற்காலத்தில், தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதுகையில், அது எத்தகைய இரக்கம் என்று தம்மையே கேட்டார். மேடையில் துன்பப்படுபவனுக்கு உதவும்படி நம்மை யாரும் அழைப்பதில்லை. துக்கப்பட மட்டுமே அழைக்கிறார்கள். செலவில்லாத இரக்கம் அது!

இதைக் கர்ணனோடு பொருத்திப் பாருங்கள். வித்தைக் களத்தில் அவனுடைய திறமையை விட்டுவிட்டுப் பிறப்பைக் கேட்கிறார்கள். அவன் தலை குனிகிறது. நாம் பிள்ளைகளாய் அழுதோம். அது உண்மைக் கண்ணீர். பிள்ளைக்கு ஒருவனுடைய சாதி முக்கியமில்லை. பின்பு வளர்ந்தோம். வீட்டுக்கு ஒரு கலியாணப் பேச்சு வருகிறது. பையன் நல்லவன், உழைப்பாளி, ஒரே பங்கில் நம்மோடு நற்கருணை வாங்குகிறவன். நாம் கேட்கும் முதற் கேள்வி எது? கர்ணனுக்காக அழுத அதே ஆள், இப்போது களத்தில் கேள்வி கேட்டவர்களின் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார் அல்லவா?

குந்தியையும் பாருங்கள். பிள்ளைப் பருவத்தில் அவள்மேல் கோபம் வந்தது. பெற்ற பிள்ளையை ஆற்றில் விடுவாளா ஒரு தாய்? மகளைப் பெற்றவர்களாய்த் திரும்பப் பார்க்கும்போதோ, ஊர் வாய்க்குப் பயந்த ஒரு சிறு பெண் தெரிகிறாள். பேழையை ஆற்றில் விட்டது அவள் கை. அந்தக் கையைத் தள்ளியது ஊரின் நாக்கு. நம் தெருவில் ஒரு பெண் அந்நிலையில் நின்றால், நம் கதவைத் தட்டுவாளா, கடலைத் தேடுவாளா?

பிள்ளைக்குரியவற்றைக் கைவிட்டேன் என்கிறார் புனித சின்னப்பர். பிள்ளைகளைப் போல் ஆகாவிட்டால் விண்ணரசில் இடமில்லை என்கிறார் ஆண்டவர். இரண்டும் முரணல்ல. கைவிட வேண்டியது பிள்ளையின் அறியாமையை. காக்க வேண்டியது கணக்குப் பார்க்காத அதன் இதயத்தை. குந்தியைப் புரிந்துகொள்ளும் கண் வளர்ச்சி. கர்ணனுக்காக அழுதுவிட்டு வீட்டில் பிறப்பை விசாரிக்கும் நாக்கு தேய்வு.

ஆகவே பழைய படங்களைத் தாராளமாகப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். மனம் கலங்கினால் அழுங்கள். ஆனால் விளக்கு எரிந்து, கதவு திறந்து, வெளியே வரும்போது அந்தக் கண்ணீரைத் தியேட்டரிலேயே விட்டுவிடாதீர்கள். தலை குனிந்து நிற்கும் கர்ணன் நம் பங்கிலேயே இருக்கிறான். அவனுக்கு நம் அழுகை வேண்டாம். நம் பக்கத்தில் ஓர் இடம் போதும்.