தோட்டாவும் சத்தியமும்

1857 ஏப்ரல் 24 அன்று காலை, மீரட்டில் வங்காள 3ஆம் இலகு குதிரைப்படையின் கர்னல் கார்மைக்கேல்-ஸ்மித், பரவி நின்று சுடப் பயிற்சி பெற்ற தம் 90 வீரர்களைக் கவாத்துக்கு அழைத்துத் தோட்டாக்களை வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஐந்து பேர் வாங்கினார்கள். 85 பேர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. தோட்டாக்களில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற வதந்தியில் மயங்கிய பாமரர்கள் என்று இவர்களை ஒரு வரியில் கடந்துபோவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் சம்மதமில்லை. ஒரு மனிதன் உடுத்துவதும் தொடுவதும் அவன் சமயத்தைத் தீண்டுமா, அல்லது சமயம் உள்ளத்தில் மட்டும் குடியிருப்பதா என்ற பழைய கேள்விக்கு அந்தக் கவாத்து மைதானத்தில் நேர்மையான ஒரு விடை கிடைத்தது என்றே நினைக்கிறேன்.

அந்தக் குதிரைவீரன் அதுவரை எவ்வளவு விட்டுக்கொடுத்திருந்தான் என்பதை முதலில் பார்க்கவேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் முறையான இலகு குதிரைப்படை, ஐரோப்பியப் படையின் அச்சில் வார்க்கப்பட்டது. உடலை இறுக்கும் சாம்பல்நீல மேற்சட்டை, வெள்ளிச் சரிகை, தோளில் குறுக்கே தோல்வார், தோல் பூட்ஸ், ஐரோப்பியச் சேணம், எஃகு உறையில் வாள். அதே காலத்தில் ஸ்கின்னரின் மஞ்சள் அங்கிக்காரர்கள் போன்ற முறைசாராக் குதிரைப்படையினர் தளர்ந்த நாட்டு உடையில், சொந்தக் குதிரையில், பழகிய ஆயுதத்தோடு போருக்குப் போனார்கள். இவற்றில் நாட்டு முறையே பயனுள்ளது என்பதில் ஐயமே இல்லை. குதிரைப்படை பற்றி 1853இல் நூல் எழுதியவர் பிரிட்டிஷ் படையின் கேப்டன் நோலன். எஃகு உறை வாளின் கூர்மையை மழுக்கிவிடுகிறது என்றும், நிஜாமின் குதிரைவீரர்கள் பழைய ஆங்கில வாள்களையே தீட்டி மர உறையில் வைத்து ஆங்கிலேயரைவிடத் திறமையாக வெட்டுகிறார்கள் என்றும் அவர் எழுதினார். ஆனாலும் படை எஃகு உறையைக் கைவிடவில்லை. சீருடை பயனுக்காக மட்டும் இருந்ததில்லை, அது படையின் ஆசாரம். அந்த ஆசாரத்தை இந்திய வீரன் ஏற்றுக்கொண்டான். தோலை அணிந்தான், இறுக்கத்தைப் பொறுத்தான். எடுத்ததற்கெல்லாம் முரண்டு பிடிப்பவன் அல்ல அவன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அன்று கொடுக்கப்பட்டவை வதந்திக்கு ஆளான புதிய என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாக்களே அல்ல, அவர்கள் பல ஆண்டுகளாகக் கையாண்ட பழைய வகை. பல்லால் கடிக்கவும் தேவையில்லை, கையால் கிழித்தால் போதும் என்று காட்டத்தான் அந்தக் கவாத்தே நடந்தது. அப்படியானால் மறுப்புக்கு என்ன அடிப்படை? விடை அதற்கு முந்தைய இரவே அதே படையின் கேப்டன் கிரெய்கி எழுதி அனுப்பிய கடிதத்தில் இருக்கிறது. எந்தத் தோட்டாவைச் சுட்டாலும், தீட்டுத் தோட்டாவைச் சுட்டவர்கள் என்ற பழி மற்றப் படைகளில் தங்கள்மேல் விழும், கொந்தளிப்பு அடங்கும்வரை தள்ளிவையுங்கள் என்பதே வீரர்களின் வேண்டுகோள். இது கொழுப்பைப் பற்றிய அறியாமை அல்ல. சமயம் ஒரு மனிதனின் தனிச்சொத்து அல்ல என்ற தெளிவு. உடன் உண்பவர்களும் பெண் கொடுப்பவர்களும் சேர்ந்து காப்பது அது. தோட்டாவின் தூய்மைக்குக் கர்னல் உறுதி கொடுக்கலாம், ஊரின் நம்பிக்கையை அவர் கொடுக்க முடியாது. அவர்கள் கேட்டதோ கொஞ்சம் அவகாசம் மட்டுமே.

சின்னங்களில் என்ன இருக்கிறது, சிவவாக்கியர் முதலான நம் சித்தர்களே புறச்சடங்குகளைச் சாடவில்லையா என்று கேட்கலாம். சாடினார்கள். ஆனால் தம் மக்களோடு நின்று, அவர்கள் இன்னும் ஆழமாகப் பக்தி செய்யவேண்டும் என்பதற்காகச் சாடினார்கள். மறுத்தால் சவுக்கடி என்று சொல்லவில்லை. 1805 நவம்பரில் கம்பெனியின் சென்னைப் படைக்கு வந்த உத்தரவு வேறு வகை. நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்கவேண்டும் என்றது அது. கூடவே தோல்சின்னம் வைத்த புதிய தலைப்பாகையும் வந்தது. 1806 மே மாதம் வேலூரில் அதை மறுத்தவர்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி. ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதை அடக்க ஆற்காட்டிலிருந்து விரைந்ததும் ஓர் இலகு குதிரைப்படைதான், கில்லெஸ்பியின் 19ஆம் டிராகூன்கள். சித்தரின் சொல் திருநீறு பூசியவனையே சிந்திக்க வைக்கிறது. தளபதியின் உத்தரவு அவன் நெற்றியைப் பறிமுதல் செய்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது சித்தர்களுக்குச் செய்யும் அநீதி.

கீழ்ப்படிய ஒப்புக்கொண்டவன் கீழ்ப்படியத்தானே வேண்டும் என்பது கடைசி மறுப்பு. 15 இந்திய அதிகாரிகள் அமர்ந்த ராணுவ நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பளித்தது, பத்தாண்டுக் கடுங்காவல். ஆனால் அந்த ஒப்புதல் எதன்மேல் நின்றது? வீரன் தன் மதத்தின்படி சத்தியம் செய்துதான் படையில் சேர்ந்தான். அவன் கடவுளுக்கு அஞ்சுகிறான் என்ற நம்பிக்கையில்தான் கம்பெனி அந்தச் சத்தியத்தை வாங்கியது. அந்த அச்சத்தையே ஒருநாள் கைவிடச் சொன்னால், கீழ்ப்படிவதற்கு இருந்த ஒரே காரணமும் போய்விடுகிறது. சின்னம் வெறும் சின்னம் என்று அதிகாரிகளும் உண்மையில் நம்பவில்லை. மே 9 அன்று மொத்தப் படையும் பார்க்க, அந்த 85 பேரின் சீருடைகளைக் களைந்தார்கள், பூட்ஸைக் கழற்றினார்கள், கால்களில் விலங்கு பூட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. உடை வெறும் துணி என்றால் அதைப் பறிப்பது எப்படித் தண்டனையாகும்? மறுநாள் மாலை அவர்களுடைய தோழர்கள் சிறைக்குப் போய் விலங்குகளை உடைத்தார்கள். அதன்பின் மூண்ட கிளர்ச்சியில் நடந்த கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஏப்ரல் 24 காலையில் சத்தியத்தை முறித்தது யார் என்று கேட்டால், அந்த 85 பேர் என்று சொல்லமாட்டேன்.